படிக்கம் வைத்த சட்டம்: இந்தியப் பணியிடமும் தொழிலாளியின் புகையிலையும்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் சுகாதாரம் பற்றிய அத்தியாயம் 11 ஆம் பிரிவில் தொடங்கி 20 ஆம் பிரிவில் முடிகிறது. அந்தக் கடைசிப் பிரிவு படிக்கங்களைப் பற்றியது. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வசதியான இடங்களில் போதிய எண்ணிக்கையில் எச்சிற்படிக்கங்கள் வைக்கப்பட வேண்டும். அவை தூய்மையாகப் பேணப்பட வேண்டும். படிக்கத்தில் அல்லாமல் வேறிடத்தில் துப்புகிறவருக்கு ஐந்து ரூபாய்க்கு மேற்படாத தண்டம். சட்டத்தை இயற்றியவர்களுக்குக் காசநோய் அச்சம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆலைத் தரையில் விழுந்த எச்சிலில் பெரும்பகுதி வெற்றிலையோடும் புகையிலையோடும் வந்தது என்பதும் அவர்கள் அறியாததன்று. அந்த எச்சில் எங்கே விழ வேண்டும் என்று சட்டம் விதித்தது. அதை உமிழும் வாய்க்கு என்ன நேர்கிறது என்று அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வி இந்தியப் பணியிடத்துக்குள் நுழைய ஏறத்தாழ இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஊழியர் புகையிலையைக் கைவிட நிறுவனமே துணைசெய்யும் திட்டங்களை இன்று மனிதவளத் துறையின் நலச் சலுகைகளில் ஒன்றாக எண்ணுவது வழக்கம். அவற்றுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அது மருத்துவத்தில் தொடங்கவில்லை. வேலைநேரம் பற்றிய சண்டையில் தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் மின்விளக்கு வந்தது. அதுவரை கதிரவன் மறைந்தால் வேலை நின்றது. அதற்குப் பின் நிற்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேரத்துக்கும் மேல் ஆலைகள் ஓடின. இதனால் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1907 இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணைக்குழு 1908 இல் அறிக்கை அளித்தது. வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தைச் சட்டத்தால் நேரடியாக வரையறுப்பதைப் பெரும்பான்மை உறுப்பினர் விரும்பவில்லை. இந்தியத் தொழிலாளி இயந்திரத்தின் அருகே இடைவிடாமல் நிற்பவனல்லன், குளிக்கவும் உண்ணவும் புகைக்கவும் உறங்கவும் உறவினரோடு பேசவும் அடிக்கடி வெளியே போகிறவன் என்ற சித்திரம் அந்த விவாதம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. ஆலை முதலாளிகளுக்கு அது மிகவும் உகந்த சித்திரம். பதினான்கு மணிநேரம் கணக்கில்தான் நீளம், உண்மையில் உழைப்பது குறைவு என்று வாதிட அது இடங்கொடுத்தது.

இங்கே புகையிலை இந்தியத் தொழிற்சாலை பற்றிய அரசு ஆவணத்தில் ஒரு சான்றாக நிற்கிறது. நோய்க்கான சான்றாக அன்று, சோம்பலுக்கான சான்றாக. ஆலை முற்றத்தில் பீடியோடு குந்தியிருந்தவனை மேலாளர் நேரத்தைத் திருடுகிறவனாகக் கண்டார். சட்டம் ஓய்வை மிகக் குறைவாகவே கொடுத்த காலத்தில் அந்தப் பீடிதான் தொழிலாளி தனக்குத் தானே வகுத்துக்கொண்ட ஓய்வு என்பதை அந்தப் பார்வை காணவில்லை. ஆணைக்குழுவில் மாறுபட்ட குறிப்பை எழுதியவர் சென்னை மருத்துவர் டி. எம். நாயர்; பின்னாளில் நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். வயதுவந்தோரின் வேலைநேரத்தையும் நேரடியாகவே வரையறுக்க வேண்டும் என்றார் அவர். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் பருத்தி முதலிய நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணிநேர எல்லையை வைத்தபோது அவரது பக்கமே வென்றது எனலாம். 1922 இல் வாரத்துக்கு 60 மணி, 1934 இல் 54, 1946 இல் 48 என எல்லை இறங்கிற்று. ஐந்து மணிநேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என்பதும் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமையாயிற்று. புகைக்க வெளியே போவது அப்போதும் ஒழுங்குமீறலாகவே இருந்தது. ஆனால் அதற்கென ஓர் இடைவேளை கிடைத்துவிட்டது.

புகையிலை பணியிடத்தில் அஞ்சப்பட்டதற்கு இரண்டாவது காரணம் நெருப்பு. பஞ்சுத் தூசி நிறைந்த கூடத்தில் ஒரு தீப்பொறி போதும். நிலக்கரிச் சுரங்கத்தில் எரிவாயு இருக்கும் நிலையில் ஒரு தீக்குச்சி ஒரு முறை ஆட்களையே அழித்துவிடும். ஆகவே சுரங்கத்துள் இறங்குமுன் தொழிலாளியின் உடலைத் தடவிச் சோதித்து, பீடியும் தீப்பெட்டியும் இருந்தால் பறிப்பது விதியாயிற்று. இந்த விதி உயிர்காத்த விதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் அதன் பக்கவிளைவு ஒன்று கவனத்துக்குரியது. நெருப்பில்லாத புகையிலையை எந்தச் சோதனையும் தடுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கி உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் கைனிக்குத் தீயும் வேண்டாம், வெளியே போகும் இடைவேளையும் வேண்டாம், கைகளும் வேலைக்கு விடுபட்டிருக்கும். இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கும் தரைக்கடியில் இருப்பவனுக்கும் மெல்லும் புகையிலை பொருந்தி வந்ததில் வியப்பில்லை. இந்தியத் தொழிலாளியின் புகையிலை பெரும்பாலும் புகையற்றது என்ற உண்மையைப் பண்பாட்டுப் பழக்கமாக மட்டுமே விளக்கிவிடுவோர் பணியிடத்தின் இந்த அழுத்தத்தை விட்டுவிடுகிறார்கள்.

வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றிச் சென்னையிலிருந்து நிப்லாக் 1902 இலேயே எழுதினார். நெய்யூர் மருத்துவமனையில் கண்டவற்றைக் கொண்டு ஆர் எழுதிய கட்டுரை 1933 இல் லான்செட் இதழில் வந்தது. நெய்யூர் அன்று திருவிதாங்கூரில். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில். இவை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நோயாளிகளைப் பற்றியவை. நோய் வருமுன் இருக்கும் மக்களைத் தேடிப்போன ஆய்வுக்கு, எண்ணி வைக்கப்பட்ட, மீண்டும் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர்கள் தேவைப்பட்டார்கள். அத்தகையோர் பணிப்பதிவேட்டில்தான் கிடைப்பார்கள்.

1950களின் இறுதியில் பல்மருத்துவர் ஃபாலி மேத்தாவும் உடன்பணியாற்றியோரும் பம்பாய்க் காவலர் 4,734 பேரின் வாயைச் சோதித்து, புகையிலைப் பழக்கத்துக்கும் வாயின் உட்புறத்தில் தோன்றும் வெண்படலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். அதே காவலர்களைப் பத்தாண்டு கழித்தும் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரை 1972 இல் வெளியாயிற்று. காவலர் ஊர் மாறினாலும் பதிவேடு அவரை விடாது. ஆய்வாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இது நோக்கிய ஆய்வு. காவலர்கள் புகையிலையை விட வேண்டும் என்பதன்று இதன் பணி. யாருக்கு என்ன நேர்கிறது எனக் கண்டு குறிப்பது. பணியிடம் அறிவுக்குக் களமாயிற்று, உதவிக்கு இன்னும் ஆகவில்லை.

உதவி முதலில் பெருமளவில் சென்றது பணியிடத்துக்கன்று, கிராமத்து வீடுகளுக்கு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்மருத்துவ ஆய்வுப் பிரிவு எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 36,000 புகையிலைப் பயனர்களைத் தேர்ந்து, வீடு வீடாகச் சென்று நேரில் பேசி, படங்காட்டி, ஆண்டுதோறும் வாயைச் சோதித்தது. முதல் முடிவுகள் 1986 இல் லான்செட்டில் வந்தன. ஸ்ரீகாகுளத்தில் கொள்ளிமுனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களும் அதில் அடங்குவர். மருந்தில்லை, கருவியில்லை, மீண்டும் மீண்டும் வந்து பேசியதுதான் சிகிச்சை. எழுத்தறிவு குறைந்த கிராமத்தாரிடம் அறிவுரை எடுபடாது என்று கருதப்பட்டு வந்த காலத்தில், அறிவுரை பெற்ற குழுவில் பழக்கத்தை விட்டவர்களும் குறைத்தவர்களும் மிகுந்திருந்தனர் என இந்த ஆய்வு காட்டிற்று. பின்னாளில் பணியிடத் திட்டங்கள் அனைத்தும், அறிந்தோ அறியாமலோ, இந்த மூன்று மாவட்டங்களுக்குக் கடன்பட்டவை.

இதற்கிடையே சட்டம் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1975 ஆம் ஆண்டுச் சிகரெட் சட்டம் பெட்டியின்மேல் ஓர் எச்சரிக்கையைக் கேட்டதோடு நின்றது. 1999 இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைச் சட்டவிரோதம் என்றது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரங்கம், பொது அலுவலகம், பொது வாகனம் என நீண்ட அந்தப் பட்டியலில் தொழிற்சாலை இல்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 இல் நடைமுறைக்கு வந்த விதிகளே பணியிடத்தையும் பொது இடம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. அன்புமணி ராமதாஸ் நலவாழ்வு அமைச்சராக இருந்த காலம் அது. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை. சாம்பற்கிண்ணமும் தீப்பெட்டியும் வைக்கக் கூடாது. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை தண்டம். தடுக்கத் தவறும் பொறுப்பாளருக்கும் தண்டம். விமான நிலையத்துக்கும் பெரிய விடுதி, உணவகங்களுக்கும் புகைக்கும் அறை அனுமதிக்கப்பட்டது, அலுவலகத்துக்கு இல்லை.

இவ்விதிகளின் பெருமையும் எல்லையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன: புகை. அருகிருப்பவரின் மூச்சைக் காப்பதே இவற்றின் நோக்கம். அது நேரிய நோக்கம். ஆனால் புகைப்பவர் வாயிற்கதவுக்கு வெளியே தேநீர்க் கடைக்குப் போனதும் சட்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மெல்லுபவர் மேசையை விட்டு எழவே வேண்டியதில்லை. உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி 2009-10 இல் இந்தியரில் 14 விழுக்காட்டினர் புகைத்தனர், 25.9 விழுக்காட்டினர் புகையற்ற வடிவில் பயன்படுத்தினர். 2016-17 இல் இவை 10.7, 21.4 எனக் குறைந்தன. ஆனால் உள்ளரங்குகளில் பணிபுரிவோரில் பிறர்விடும் புகைக்கு ஆளானோர் 29.9 விழுக்காட்டிலிருந்து 30.2 ஆக அப்படியே நின்றனர். வீட்டிலும் பொதுவெளியிலும் நிலைமை தேறிய அந்த ஏழு ஆண்டுகளில் பணியிடம் மட்டும் அசையவில்லை. பலகை தொங்கிற்று, அவ்வளவே.

பலகைக்கு அப்பால் போன முயற்சிகள் சிலவே. அவற்றுள் மூன்றை ஒப்புநோக்குவது பயன்தரும்.

முதலாவது மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில், ஒரு வேதித் தொழிற்சாலையில் நடந்தது. 2002 இல் நாடெங்கும் 13 புகையிலை விடுவிப்பு மையங்கள் தொடங்கப்பட்டிருந்தன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றுள் ஒன்று. அவை நோயாளி தேடி வரும் இடங்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் தடுப்பு மருத்துவக் குழு 2007 இல் எதிர்த்திசையில், ஆலையைத் தேடிச் சென்றது. புகையிலைப் பயனர் 104 பேர், பெரும்பாலோர் மெல்லுபவர். நலக்கல்வி, வாய்ப்பரிசோதனை, குழு உரையாடல், தனி ஆலோசனை, திரும்பத் திரும்பச் சந்திப்பு. ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் விட்டவர் தொகை கூடி, ஆண்டு முடிவில் 40 விழுக்காட்டை எட்டிற்று. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாதலால் இந்த எண்ணை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் வேறோர் எண் இதில் உண்டு. தொழிலாளர் வாய்மொழியாகச் சொன்னதும் சிறுநீரில் கொட்டினின் சோதனை காட்டியதும் 96 விழுக்காடு ஒத்திருந்தன. மேலாளரின் கூரையின் கீழ் மருத்துவரிடம் பேசிய தொழிலாளி பொய் சொல்லவில்லை. 1908 இல் சோம்பேறி என்று குறிக்கப்பட்டவனின் வழித்தோன்றலுக்கு இது காலந்தாழ்ந்து கிடைத்த நற்சான்று. அச்சோதனை ஒரு கூர்மையான கேள்வியையும் எழுப்புகிறது: அந்த முடிவு யார் கையில் இருக்கும்? மருத்துவரிடம் இருக்கும்வரை அது சிகிச்சை. பணியாளர் கோப்புக்குப் போனால், சுரங்க வாயிலில் உடலைத் தடவிய கை வேறு வடிவில் திரும்பி வந்துவிடும். அந்தக் கை உயிர்காக்கத் தடவியது. இதற்கு அந்த நியாயமும் இராது.

இரண்டாவது பீகார். அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே கைனியும் புகையிலை கலந்த பற்பொடியும் பரவியிருந்தன. 72 பள்ளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு கூறாக்கி, ஒரு கல்வியாண்டு முழுவதும் நடந்த திட்டத்தை நவிமும்பையின் ஹீலிஸ் நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர் குளோரியன் சோரன்சனும் உடனிருந்தோரும் நடத்தினர். முடிவுகள் 2013 இல் வெளியாயின. ஆசிரியர் விட்டால் சமுதாயம் விடும் என்பதே அதன் அடிநாதம். இங்கே கவனிக்கத்தக்கது, அறிவுரை சொன்னவர் பெரும்பாலும் வெளியார் அல்லர்; தலைமையாசிரியரும் பொறுப்பேற்ற சக ஆசிரியருமே. ஆசிரியர் அறையில், பழகிய முகங்களுக்கு நடுவே, மாதந்தோறும் பேச்சு நடந்தது. திட்டம் முடிந்த உடனே, கடந்த 30 நாளாகப் புகையிலையைத் தொடாதோர் திட்டப் பள்ளிகளில் 50 விழுக்காடு, ஒப்பீட்டுப் பள்ளிகளில் 15. ஒன்பது மாதம் கழித்து, ஆறு மாதமாகத் தொடாதோர் என்ற கடுமையான அளவுகோலில் 19, 7. முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவோர் வெற்றியை மிகைப்படுத்துகிறார்கள். இரண்டாவதை மட்டும் காட்டுவோர் குறைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள சரிவே புகையிலையின் இயல்பு. விடுவது ஒரு நாளின் முடிவு. விட்டே இருப்பது பல மாதத்து வேலை. ஒரு கல்வியாண்டோடு நிற்கும் திட்டம் அந்தச் சரிவைத் தாங்காது.

மூன்றாவது மும்பை வட்டாரத்தின் 20 உற்பத்தி நிறுவனங்களில் அதே ஹீலிஸ் குழு நடத்தியது. 2017 இல் வெளியாயிற்று. இதன் கருத்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழிலகங்களில் பிறந்தது. அங்கே சோரன்சன் குழு ஒன்றைக் கண்டிருந்தது: நச்சுக்காற்றையும் தூசியையும் நாள்முழுதும் உட்கொள்ளும் தொழிலாளியிடம் போய் நீ சிகரெட்டை விடு என்றால், அவன் முதலில் உன் புகைபோக்கியைப் பார் என்பான். பணியிட ஆபத்தைக் குறைக்கும் முயற்சியோடு சேர்த்துச் சொன்னபோது உடலுழைப்பாளரிடம் விட்டவர் விகிதம் இரட்டித்தது. மும்பையிலும் பத்து நிறுவனங்களில் புகையிலை ஆலோசனையும் தொழில்சார் பாதுகாப்பும் ஒன்றாக இணைக்கப்பட்டன. உற்பத்திக் கூடத் தொழிலாளரிடையே விட்டவர் விகிதம் ஒப்பீட்டு நிறுவனங்களைப் போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அலுவலக ஊழியரிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவு இதுவரை பெற்ற கவனத்தைவிட மிகுதியான கவனத்துக்குரியது. தொழிலாளி படிக்காதவர், ஆகவே எடுபடாது. அலுவலர் படித்தவர், ஆகவே உடனே புரிந்துகொள்வார் என்ற எண்ணத்தை அது தலைகீழாக்குகிறது. தன் உடலைப் பற்றி நிறுவனம் முழுமையாகக் கவலைப்படுகிறது என்று தோன்றிய இடத்தில் தொழிலாளி செவிசாய்த்தார் எனப் படிக்கலாம். மும்பையின் அழைப்பு மையங்களில் டாட்டா நினைவு மருத்துவமனைக் குழு நடத்திய சோதனையோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே 646 ஊழியர். 41 விழுக்காட்டினர் புகையிலைப் பயனர். இரவுப்பணி இளைஞர்களாதலால் பெரும்பாலும் சிகரெட். மூன்று வகை உதவிகளை ஒப்பிட்டபோது எதிலும் விட்டவர் ஏறத்தாழ 20 விழுக்காடே. மருந்துச் சிகிச்சை பெற்ற குழுவில் விட்டவர் கூடவில்லை. புகைக்கும் அளவுதான் கூடுதலாகக் குறைந்தது. இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கச் சிகரெட்டை நாடும் ஒருவருக்கு மருந்து கொடுக்கலாம். அந்த இரண்டு மணியை அந்தத் திட்டம் தொடவில்லை. பம்பாய் ஆலையின் பீடிக்கும் அழைப்பு மையத்தின் சிகரெட்டுக்கும் இடையே நூறாண்டு இருக்கிறது. இரண்டும் நீண்ட வேலைநேரத்தில் வெட்டிய சிறு சன்னல்களே. நாயர் வேலைநேரத்தைப் பற்றிப் பேசினார், பீடியைப் பற்றியன்று.

இவ்வளவும் பதிவேட்டில் பெயருள்ளோரின் கதை. காவலர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர், அழைப்பு மைய ஊழியர் ஆகிய யாவரையும் ஆய்வாளர் கண்டடைந்தது நிறுவனம் ஒன்று அவர்களை எண்ணி வைத்திருந்ததால். இந்திய உழைப்பாளரில் மிகப் பெரும்பான்மையோர் அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள். கட்டடத் தொழிலாளிக்கு மேலாளரும் இல்லை, மருத்துவ அறையும் இல்லை, அறிவிப்புப் பலகை தொங்கவிடச் சுவரும் இல்லை. சுவரைக் கட்டுபவரே அவர்தாம். 2016 முதல் இயங்கும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி இலக்கம் புகையிலைப் பெட்டிகளின்மேலேயே அச்சிடப்படுகிறது. அவரைத் தேடிச் செல்லும் ஒரே பணியிடத் திட்டம் இப்போதைக்கு அந்தப் பெட்டிதான். சில்லறையாக ஒரு பீடி, ஒரு சிகரெட் என்று வாங்குபவர் கைக்கு அந்தப் பெட்டி வருவதில்லை.

பீடி சுற்றுபவரின் நிலை இன்னொன்று. 1966 ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. வேலூரிலும் திருநெல்வேலியிலும் முர்ஷிதாபாதிலும் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணுக்கு வீடே தொழிற்கூடம். புகையிலைத் தூள் சோற்றுப் பானைக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அவர் புகைப்பதில்லை. 2008 ஆம் ஆண்டு விதிகளின் கண்ணில் அவரது பணியிடத்தில் எந்தக் குற்றமும் நடக்கவில்லை.